தாழ் விழும் இடம்

அந்த ஊரில் சாம்பாரில் உப்புக் குறைந்திருந்தால் யாரும் அதை நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். "சொந்த நாக்குங்க, உப்பு பத்தல" என்பார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் "சொந்தக் கண்ணு, மழை வரும்போல." குழந்தையின் நெற்றி சுட்டால் "சொந்தக் கை." பேசப் பழகும் பிள்ளைகள்கூட முள் குத்தியதும் "சொந்தக் காலு" என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தன. முதலில் வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அவர்கள் ஊருக்கும் உள்ளுணரி வந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

வஞ்சிக்கொடி காலையில் பல்கலைக்கழகப் பேருந்தில் ஏறினால் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது. "ஏனுங் அம்மிணி, நல்லாருக்கீங்ளா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவளுடைய கொண்டைக்குக் கீழே, கழுத்தின் பின்புறம், சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருந்தது. அதற்குப் பெயர் பிடரித்தாழ். அதை அணிந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது குரல் சட்டென்று நின்றுவிட்டால், எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஊர் தானாகவே கற்றுக்கொண்ட பழக்கம் அது, தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்வதுபோல.

சட்டம் சொன்னது வேறு. ஒருவர் தன் உடம்பின் புலன்களால் அறிந்தது அவருக்கே சொந்தம். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். காப்புரிமை பெற்ற உணரியின் வழியாக அறிந்தது, அந்த உரிமையை வைத்திருப்பவருக்குச் சொந்தம். கருவி மட்டுமல்ல, கருவி சொன்ன செய்தியும்தான். இதைச் சாத்தியமாக்கிய பெருமை அந்தப் பல்கலைக்கழகத்தையே சேரும். அதன் உணரியியல் துறை உள்ளுணரியைக் கண்டுபிடித்தது. கணினித் துறை மூலமறிவானைக் கண்டுபிடித்தது. ஒரு மனிதரின் எண்ணம் எங்கிருந்து வந்தது, சொந்தக் கண்ணிலிருந்தா, உணரியிலிருந்தா, அடுத்தவர் வாயிலிருந்தா என்று அது பிரித்துச் சொல்லிவிடும். பொறியியல் துறையின் பங்கு பிடரித்தாழ். மூன்றுக்கும் தனித்தனியே காப்புரிமை, மூன்று துறைகளுக்கும் தனித்தனியே விருது, ஒரே மேடையில் பொன்னாடை.

வாசிப்புக்கூடம் பழைய நூலகக் கட்டடத்தில் இருந்தது. பேருந்து நிலையம், சந்தை, கோயில் வாசல், தியேட்டர் படிக்கட்டு என்று ஊரில் கால் படுகிற இடங்களின் அடியிலெல்லாம் உள்ளுணரிகளைப் பதித்திருந்தார்கள். நடந்துபோகிறவரின் உடம்புக்குள் ரத்தம் ஓடுகிற அதிர்வைத் தரைவழியே கேட்டு, அதை உருவமாக்கிக் கூடத்துக்கு அனுப்பும். பெயர் வராது, முகம் வராது. எலும்பும் குழாயும் ஓட்டமுமாக ஒரு மனித வடிவம் திரையில் மிதக்கும். எந்த இடத்தில் கோளாறு, எப்போது அது ஆளை வீழ்த்தும் என்று ஓரத்தில் ஒரு வரி வரும். வஞ்சி அதைப் படித்துவிட்டு 'அறிந்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதற்கு எதற்கு ஒரு மனுஷி என்று கேட்கலாம். அவளும் சேர்ந்த புதிதில் கேட்டாள். மனிதர் ஒருவராவது அறியாத செய்தி வெறும் எண்தான், அதன்மீது உரிமை கோர முடியாது என்று எங்கோ ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே அறிவதற்கென்று சம்பளத்துக்கு ஆட்களை வைத்தார்கள். அறிந்த பிறகு அவர்கள் வெளியே சொல்லிவிடக்கூடாதே என்று கழுத்தில் தாழ் போட்டார்கள். அறிந்த செய்திகளெல்லாம், உள்ளுணரியின் உரிமையை வாங்கிவைத்திருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயின. யாரைக் காப்பீட்டில் சேர்க்கலாம், யாரைத் தட்டிக்கழிக்கலாம் என்று தீர்மானிக்க அவர்களுக்கு அது போதும். அந்தச் செய்தியை அவர்கள் யாருக்கும் விற்பதில்லை. விற்றால் அதன் பயன் போய்விடும் என்று நினைத்தார்கள். அந்த அளவில் அவர்கள் நினைத்தது சரிதான்.

அன்று முற்பகலில் திரையில் வந்த உருவத்தின் இடது காறை எலும்பில் ஓர் இரும்புத் தகடு இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளில் ஒன்று மட்டும் கோணலாக இறங்கியிருந்தது. வஞ்சிக்கு அந்தத் திருகாணியைத் தெரியும். அவள் தம்பி திருமூர்த்தி காற்றாலை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏணியிலிருந்து விழுந்தபோது வைத்த தகடு அது. அந்த எக்ஸ்ரே படத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த ஆணி ஏனுங்க கோணலா இருக்குது?" என்று டாக்டரிடம் சண்டை போட்டவளே அவள்தான்.

உருவத்தின் தலைக்குள், மூளைக்கு அடியில், ஒரு ரத்தக்குழாய் திராட்சைப் பழம்போல் புடைத்திருந்தது. ஓரத்தில் இருந்த வரி, சில வாரங்களில் வெடிக்கும் என்றது. இந்த நிலையில் கண்டால் எளிதில் அடைத்துவிடலாம் என்றும் சொன்னது. உள்ளுணரிக்கு இரக்கம் கிடையாதே தவிர, விவரத்தில் குறை வைக்காது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிரயோசனம் இல்லை. படித்தாயிற்று. பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் மூலமறிவானுக்குத் தெரியும். பிடரியில் லேசாகச் சூடு ஏறியது. ஒரு புதிய செய்தியைத் தாழ் பதிந்துகொள்ளும்போது அப்படித்தான் சுடும்.

உள்ளுணரியைக் கண்டுபிடித்த ஆக்னஸ் அதே வளாகத்தில் இரண்டு கட்டடம் தள்ளி இருந்தாள். வஞ்சியும் அவளும் விடுதியில் ஒரே அறையில் படித்தவர்கள். ஆக்னஸ் இப்போது பேராசிரியர். சுவரில் காப்புரிமைப் பட்டயம் சட்டம் போட்டுத் தொங்கியது. அவள் கழுத்திலும் தாழ் இருந்தது. உள்ளுணரி எப்படி வேலை செய்கிறது என்பதே நிறுவனத்தின் சொத்தாகிவிட்டதால், கண்டுபிடித்தவள் தன் மாணவர்களுக்கு அதை நடத்த முடியாது. அவர்களுக்குக் கப்பியும் நெம்புகோலும் நடத்திக்கொண்டிருந்தாள்.

வஞ்சி உள்ளே வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். விரல்கள் மரத்துப்போய்ப் பேனா கீழே விழுந்தது. தாழ் அணிந்தவர்களுக்குள் முகம் திருப்பிக்கொள்ளும் பழக்கம் இல்லை. ஆக்னஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஆளுங்கள்ல யாரோ" என்றாள் ஆக்னஸ். "யாருன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத."

"இத எடுத்து விடச் சொல்லு ஆக்னஸ். உள்ளுணரி நீ கண்டுபிடிச்சதுதானே? ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு வாட்டி. கேட்டுப் பாரேன்."

"கேக்காம இருப்பேனா? பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் காலுக்குக் கீழ ஒரு மணி அடிச்சு, 'ஆஸ்பத்திரிக்குப் போப்பா'ன்னு சொல்லணும்னுதான் இதச் செஞ்சேன். கையெழுத்துப் போடறப்ப, நெறைய பேருக்குப் போய்ச் சேரும்னாங்க. ஒருத்தனுக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சு." ஆக்னஸ் சிரிக்க முயன்றாள். "என் புருஷன் காலமாகறதுக்கு முன்னாடி நானும் கேட்டேன் வஞ்சி. ரொம்ப மரியாதையாத்தான் முடியாதுன்னாங்க."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. அவங்களப் பாக்கப் போகாத. உன் மூஞ்சியக் காட்டாத. காலாவதியான மெஷினெல்லாம் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. பழைய ஸ்கேன், பழைய எக்ஸ்ரே. அதுக்கெல்லாம் உரிமை முடிஞ்சுபோச்சு, அது சொல்றது யாருக்கும் சொந்தமில்ல. ஒண்ணுமே தெரியாம, சுத்தமா போய் நிக்கிறவங்களுக்கு அது சொல்லும். சுத்தமா இருக்க விடு அவங்கள."

வஞ்சி எழுந்து வந்துவிட்டாள். படித்தவர்கள் சும்மா இருப்பதற்கு எப்படியெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடத்தான் நினைத்தாள். காலையில் குளித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். "கோழி அடிச்சிருக்குது, எங்க இருக்கற?" என்று மூர்த்தியே கூப்பிட்டான். அவன் குரலைக் கேட்ட பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. உடுமலை போகிற சாலையில் இருந்தது அவன் வீடு. வாசலில் நின்றால் அவன் ஏறி இறங்கும் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும்.

"சொந்தக் கண்ணு, நீ எளச்சுட்ட அக்கா" என்றான் மூர்த்தி, இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "அங்க சோறு போடறாங்களா, இல்ல திரையப் பாத்தே வயித்த ரொப்பிக்கறயா?"

"வேல சாஸ்தி."

"எங்களுக்கு மட்டும் என்ன? காத்து சீசன். ஒரு நாள் லீவு கெடையாது. அடுத்த மாசம் உயரப் பரிசோதனை வேற வருது. இந்த வாட்டி தலையெல்லாம் படம் புடிக்கிறாங்களாம், பழைய மெஷின்ல. மேல போய் மயக்கம் கியக்கம் வந்துரக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள பாக்கறாங்களாம்."

"உள்ள ஏதாச்சும் இருந்தாத்தான படத்துல உழுகறதுக்கு" என்றாள் அவன் மனைவி யமுனா. இரண்டு பெண்பிள்ளைகளும் கெக்கெக்கென்று சிரித்தன. மூர்த்தியும் சிரித்தான்.

ஆக்னஸ் சொன்னதன் அர்த்தம் வஞ்சிக்கு அப்போது விளங்கியது. அடுத்த மாதம் அந்தப் பழைய மெஷின் பார்க்கும். அது இலவசமாக, சட்டப்படி, வாய்விட்டுச் சொல்லும். வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனால் போதும். ஆனால் உள்ளுணரி சொன்னது சில வாரங்கள். இரண்டு வாரமும் சில வாரம்தான், ஆறு வாரமும் சில வாரம்தான். அதுவரை தினமும் காலையில் இவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அத்தனை உயரம் ஏறுவான். பொறுத்திரு என்கிறாள் ஆக்னஸ். ஆக்னஸுக்குத் தம்பி கிடையாது.

"மூர்த்தி, ஒரு மாசம் லீவு போட்டுரு" என்றாள். குரல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"எதுக்கு?"

"சும்மாதான். எல்லாருமாப் பழனிக்குப் போயிட்டு, அப்படியே கொடைக்கானலும் போலாம்."

"சீசன்ல லீவு கேட்டா என்னையத் தூக்கி எறக்கையில கட்டிச் சுத்த விட்டுருவான் சூப்பர்வைசர்."

"நாஞ் சொல்றதக் கேளு சாமி. மேல ஏறா—"

தாழ் விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது, காற்று மட்டும் போய் வந்தது. யமுனா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளின் தலையையும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பித் தானும் திரும்பிக்கொண்டாள். யோசிக்காமல் செய்கிற காரியம் அது. அவளைக் குறை சொல்ல முடியாது.

வஞ்சி மறுபடியும் முயன்றாள். கையைத் தூக்கினாள், கை மரத்துத் தொடையில் விழுந்தது. தலையை அசைக்கப் பார்த்தாள்; கழுத்து கட்டையாக நின்றது. கண்ணீர் மட்டும் வந்தது. கண்ணீரைத் தடுக்கும் கருவிக்கு இன்னும் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

"ஏனுங், மூஞ்சியத் திருப்புங்க!" என்று சுவரைப் பார்த்தபடியே கத்தினாள் யமுனா. "உங்களத்தான்! திருப்புங்க!"

மூர்த்தி திருப்பவில்லை. எச்சில் கையோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ற அக்காகிட்ட எதுக்குத் திருப்போணும்?" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் முகம் மாறிவிட்டது. ஏறாதே என்கிறாள். சொல்ல முடியவில்லை. அழுகிறாள். ஒருவனுக்கு இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

மறுநாளே அவன் அரசு மருத்துவமனைக்குப் போனான். வஞ்சியும் கூடப் போனாள். டாக்டர் சபீனாவின் அறை வாசலில், எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதுபோல, மூலமறிவானின் தட்டு இருந்தது. உள்ளங்கையை அதில் வைத்தால் பச்சை எரியும். அப்புறம்தான் உள்ளே போகலாம். மூர்த்தி கையை வைத்தான். சிவப்பு எரிந்தது. துணியால் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்புத்தான். கையில் என்ன அழுக்கா இருக்கிறது?

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். நல்ல மனுஷி. வந்தவர் மூர்த்தியைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி பேசினார்.

"என்ன தொந்தரவு?"

"தொந்தரவு ஒண்ணும் இல்லீங் டாக்டர். ஆனா ஏதோ இருக்குதுங்."

"இருக்குன்னு எப்படித் தெரியும்?"

மூர்த்தி வஞ்சியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தலவலிங்" என்றான்.

"வாய் என்ன சொன்னாலும் தட்டு கேக்காதுங்க. நீங்க எதுனால இங்க வந்தீங்கன்னுதான் அது பாக்கும்." டாக்டரின் குரல் தணிந்தது. "பச்சை எரியாம நான் உங்களத் தொட்டா, நான் கண்டுபிடிக்கிறது பூராவும் அந்தக் கம்பெனிக்குப் போயிரும். என் கழுத்துலயும் பட்டை ஏறும். அப்புறம் இந்த வரிசையில நிக்கிற ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் திறக்க முடியாது. எனக்கு வேற வழி தெரியலீங்க."

"நான் மறந்துட்டு வந்தனுங்கன்னா?"

"மறக்க முடிஞ்சா வாங்க" என்றார் டாக்டர், குழாயைப் பார்த்தபடியே. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதனால் யாருக்கு என்ன பயன்?

மறப்பதற்கு மூர்த்தி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தான். சினிமாவுக்குப் போனான். குடித்தான். பிள்ளைகளோடு கண்ணாமூச்சி விளையாடினான். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மருத்துவமனைக்குப் போய்த் தட்டில் கையை வைத்துப் பார்த்தான். மறக்க வேண்டும் என்று நினைக்கிறவன் எதை நினைத்துக்கொண்டிருப்பான்? சிவப்புத்தான் எரிந்தது. அவன் தட்டில் சிவப்பு எரிந்த சங்கதி காற்றாலை ஆட்களுக்கும் எட்டியது. டீ குடிக்கும்போது அவர்கள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்கள். யமுனா இருட்டில்தான் அவனோடு பேசினாள். விளக்கைப் போட்டால் அவன் முகத்தைப் பார்த்துவிடுவோமோ என்று பயம். பிள்ளைகளுக்காகவாவது ஒருத்தி சுத்தமாக இருக்க வேண்டுமே என்று அழுதாள்.

வாரங்கள் போயின. அந்தக் குழாய் வெடிக்கவில்லை. உயரப் பரிசோதனை நாள் வந்தது. வஞ்சி வேலைக்குப் போகாமல் பரிசோதனைக் கூடத்தின் வேலிக்கு வெளியே நின்றாள். மூர்த்தியோடு சேர்ந்து காற்றாலை ஏறும் சென்னியப்பன் முதலில் போனான். தட்டில் பச்சை எரிந்தது. பழைய மெஷின் அவன் தலையைப் படம் பிடித்தது. உள்ளே ஏதோ புடைப்பு இருக்கிறது என்று டாக்டர் பளிச்சென்று சொன்னார். அங்கிருந்தே அவனை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வாரமே ரத்தக்குழாய் வழியாக அதை அடைத்துவிட்டார்கள், அவனும் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றான். அவனுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது, அதனால் பிழைத்தான்.

அன்று சென்னியப்பனுக்கு அடுத்து மூர்த்தி. சிவப்பு எரிந்தது. மெஷினை யாரும் ஓட்டவில்லை. பரிசோதனை டாக்டர் அவனைப் பார்க்காமலேயே 'மேலே ஏறத் தகுதி உண்டு' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

"என்னையப் படம் புடிக்கலீங்களே?" என்றான் மூர்த்தி.

"சிவப்பு விழுந்தவங்களச் சோதிக்கக் கூடாதுங்க."

"அப்படின்னா தகுதியில்லைன்னு எழுதிக் குடுங்க."

"அது எப்படிங்க எழுத முடியும்? தகுதியில்லைன்னு எழுதினா, உங்களுக்குள்ள ஏதோ இருக்குன்னு நான் சொன்ன மாதிரி ஆயிருமே. அது அவங்க செய்தி. நான் வெளிய விடக்கூடாது." டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலிக்கு வெளியே நின்ற வஞ்சிக்கு அழக்கூடத் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். தம்பியின் சோற்றை ஒரு வேளை தின்னாமல் இருந்திருந்தால் போதும். பாசம் இருந்ததால் போனாள், பாசம் இருந்ததால் அவன் முகம் திருப்பவில்லை. வேறு எந்தத் தப்பும் யாரும் செய்யவில்லை.

பரிசோதனைக்கு மறுநாள் மத்தியானம் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு காற்றாலை அடிவாரத்துக்குப் போனாள். மூர்த்தி தூணின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இடுப்புக்கச்சையும் கயிறும் கிடந்தன. மேலே இறக்கைகள் நின்றிருந்தன. பழுது பார்க்க ஆள் ஏறப் போகிறான் என்றால் அவற்றை நிறுத்தி வைப்பார்கள்.

"ஏறப்போறயா?" என்றாள்.

"தகுதின்னு சீல் வெச்சுட்டாங்கள்ல. ஏறலைன்னா எதுக்குன்னு கேப்பாங்க. எதுக்குன்னு நான் என்னத்தச் சொல்றது?" போசியைத் திறந்து பார்த்தான். "கீழ உக்காந்திருந்தா மட்டும் அது சும்மா இருக்குமா, என்ன?"

தின்று முடித்தான். கையைக் கழுவிவிட்டு அவள் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஊரில் தாழ் இல்லாதவர்களில் அவளுக்கு எதிரே முகம் பார்த்து உட்காருகிற ஆள் இப்போது அவன் ஒருவன்தான்.

"எந்த எடம்னு கூடத் தெரியாமச் சாகறது கேவலமா இருக்குது அக்கா" என்றான். "ராத்திரி படுத்தா வயித்தத் தடவறேன், நெஞ்சத் தடவறேன். பூரா ஒடம்பும் எனக்கு எதிரா இருக்கற மாதிரி இருக்குது. எடத்த மட்டும் சொல்லீரு. அத மட்டும் வெறுத்துட்டு மத்ததோட சிநேகமா இருந்துக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். தாழ் விழுந்தது.

"சரி, நீ சொல்ல வேண்டாம். நான் கேக்கறேன்." முழங்காலைத் தட்டிக் காட்டினான். "இங்கயா?"

'இல்ல' என்று சொல்லப் பார்த்தாள், குரல் வரவில்லை. இதற்கும் வராது என்று நினைத்துக்கொண்டுதான் வஞ்சி எதிர்ச்சொல்லை வாயசைத்தாள். "ஆமா" என்றாள். கணீரென்று வந்தது. இருவரும் திடுக்கிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் கழுத்தில் இருந்தது உண்மையைத்தான் காவல் காத்தது. பொய்யின்மேல் எந்தப் பல்கலைக்கழகமும் உரிமை கோரவில்லை. இத்தனை வருடம் அதை அணிந்திருந்தும் அவளுக்கு இது தெரியாது. வாசிப்பவர்கள் வாயைத் திறக்காமல் இருந்து பழகியவர்கள், பொய் சொல்லிப் பார்க்கத் தோன்றியதில்லை.

மூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முட்டியில என்னக்கா இருக்குது உயிர் போறதுக்கு?" என்றான். வயிற்றில் கை வைத்தான். "இங்கயா?"

"ஆமா."

நெஞ்சில் வைத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டுக் கேட்டான். "இங்கயா?"

"ஆமா" என்றாள். அங்கே இல்லை. அவன் மூச்சை விட்டான். அவர்கள் அப்பா நெஞ்சு வெடித்துச் செத்தவர். அவன் இத்தனை நாளும் அதைத்தான் பயந்துகொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தான். "இங்கயா?"

வஞ்சி வாயைத் திறந்தாள். காற்று மட்டும் போய் வந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. வியர்த்த முடியை மெதுவாகத் தடவிக்கொடுத்தான். "சரி" என்றான். பிறகு ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்து இறுக்கினான். "நல்லவேளை, இது இருக்குது" என்று அதைத் தட்டிக் காட்டினான். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சின்ன வயதில் சாவு வீட்டில் சிரிப்பு வந்து இருவரும் கொல்லைப்பக்கம் ஓடியதுபோல் அடக்க மாட்டாமல் சிரித்தார்கள்.

தூரத்திலிருந்து சூப்பர்வைசர் விசில் அடித்தார். மூர்த்தி எழுந்து கச்சையை மாட்டினான். கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். தூணின் கதவைத் திறந்து ஏணியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொறவு போறேன்."

"என்ன சாமி?"

"எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

வஞ்சிக்குச் சொல்லமாட்டேன் என்று ஓடிவிடலாமா என்றிருந்தது. இத்தனை வருடமாக அவள் சபித்துவந்த அந்தப் பட்டையிடம், விழு, இப்போது மட்டும் விழுந்துவிடு, என் குரலைப் பிடித்துக்கொள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் ஏணியைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அதே வேண்டுதல்தான் என்று அவன் கண்ணில் தெரிந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகாது சாமி" என்றாள். ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல் குரல் முழுசாக வந்தது.